வலச்சொடுக்குப் பட்டியும் மொழித்தரவுக் கோப்புகளும்: சொந்தக் கட்டளை நிரல்களைச் சேர்க்கும் முறை

1. முன்னுரை

கணிப்பொறியில் ஒரு கோப்பின்மீது சுட்டியை நிறுத்தி அதன் வலப்பொத்தானை அழுத்தினால், அக்கோப்பின்மீது நிகழ்த்தத்தக்க செயல்கள் ஒரு சிறு பட்டியாகத் தோன்றும். திறத்தல், படியெடுத்தல், பெயர் மாற்றுதல், நீக்குதல் ஆகியவை எல்லா முறைமைகளிலும் காணப்படுவன. இவை பொதுப் பயனரைக் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் நாள்தோறும் வேண்டப்படும் செயல்கள் இப்பட்டியில் இயல்பாக இடம்பெறுவதில்லை. ஒரு கோப்பின் குறியேற்றத்தைச் சோதித்தல், பல கோப்புகளின் சொற்களை எண்ணுதல், எழுத்து வடிவங்களை ஒருசீராக்குதல் ஆகியவை அத்தகையன.

ஆயினும் இப்பட்டி மாற்றவியலாத ஒன்றன்று. பயனர் தாமே எழுதிய, அல்லது பிறர் எழுதித் தந்த ஒரு சிறு நிரலை இப்பட்டியில் ஓர் உறுப்பாகச் சேர்க்க இக்காலக் கணிப்பொறி முறைமைகள் பலவும் இடமளிக்கின்றன. அவ்வாறு சேர்க்கும் முறையும், தமிழ்த் தரவுக் கோப்புகளைக் கையாளுகையில் அது பயன்படும் விதமும், அவ்விடத்து எழும் மொழியியற் சிக்கல்களும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

இம்முயற்சி வெறும் வசதிக்குரியது அன்று. ஒரு தரவகத்தை உருவாக்கும் பணியில் பலர் ஈடுபடுகின்றனர். அவர்களுள் நிரலாக்கம் அறிந்தோர் ஒரு சிலரே. கட்டளைச் சாளரத்தைத் திறந்து நீண்ட கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால், அச்செயல் சில கோப்புகளுக்கு நிகழும். சில கோப்புகளுக்கு விடுபடும். விடுபட்டவை எவை என்பது கண்ணுக்குப் புலப்படாது. அதே செயல் வலச்சொடுக்குப் பட்டியில் ஓர் உறுப்பாக நின்றால், அனைவரும் ஒரே நிரலை ஒரே முறையில் பயன்படுத்துவர். தரவின் ஒருமைப்பாடு இதனால் காக்கப்படுகிறது.

2. கட்டளையின் தொடரமைப்பு

கட்டளைச் சாளரத்தில் செயலின் பெயர் முதலிலும், செயப்படுபொருளாகிய கோப்பின் பெயர் பின்னரும் வருகின்றன. இது ஆங்கில ஏவல் தொடரின் அமைப்பை ஒத்தது. வலச்சொடுக்கு முறையிலோ முதலில் கோப்புத் தெரிவு செய்யப்படுகிறது. பின்னரே செயல் தெரிவு செய்யப்படுகிறது. 'கோப்பைத் திற' என்னும் தமிழ்த் தொடரின் வைப்புமுறை இதுவே. இவ்வொற்றுமை தற்செயலானது. சுட்டியின் பொத்தானை அழுத்தியதும் தோன்றும் பட்டிகள் 1970களில் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் ஸ்மால்டாக் முறைமைக்காக வடிவமைக்கப்பட்டன. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 கோப்புகளுக்குரிய வலச்சொடுக்குப் பட்டியைப் பொதுவழக்கு ஆக்கியது.

பொருள் முன்னும் செயல் பின்னும் வருவதால் விளையும் பயன் ஒன்று உண்டு. செயப்படுபொருள் இன்னது எனத் தெரிந்தபின், அதற்கு ஏற்புடைய வினைகளை மட்டும் பட்டியில் காட்டக் கணிப்பொறியால் இயலும். படக்கோப்பிற்குச் சுழற்றுதலும், சுருக்கப்பட்ட கோப்பிற்கு விரித்தலும் தோன்றுவது இவ்வாறே. வினை தனக்குரிய பெயரைத் தெரிந்தெடுக்கும் வரையறையாக இலக்கணத்தில் பேசப்படுவதற்கு இணையான ஒன்று இங்குச் செயற்படுகிறது எனலாம்.

பன்மைச் செயப்படுபொருள் பற்றிய சிக்கலும் இங்கு நேர்கிறது. 'மாணவர்கள் ஒரு கட்டுரை எழுதினர்' என்னும் தொடருக்கு இரு பொருள் உண்டு. ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம். அனைவரும் சேர்ந்து ஒரே கட்டுரையை எழுதியிருக்கலாம். பத்துக் கோப்புகளைத் தெரிவு செய்து 'சொற்களை எண்ணு' எனக் கட்டளையிடும்போதும் இதே இருபொருள் எழுகிறது. பத்துத் தனிப்பட்டியல்கள் வேண்டுமா, பத்துக் கோப்புகளுக்கும் சேர்த்து ஒரே பட்டியல் வேண்டுமா என்பதை மனிதர் சூழலால் உணர்வர். கணிப்பொறிக்கு அதனை முன்கூட்டியே உணர்த்த வேண்டும். முறைமைகள் ஒவ்வொன்றும் இதனை வெவ்வேறு விதமாகத் தீர்க்கின்றன. ஆதலின் நிரலைச் சேர்ப்போர் முதலில் அறிய வேண்டியது இவ்வேறுபாடேயாகும்.

3. நிரலைச் சேர்க்கும் முறைகள்

3.1 க்னோம்

லினக்ஸ் கணிப்பொறிகளில் பெரிதும் வழங்கும் க்னோம் பணிச்சூழலின் கோப்பு மேலாளர் நாட்டிலஸ் எனப்படும். இதில் நிரலைச் சேர்த்தல் மிக எளிது. பயனரின் இல்ல அடைவினுள் புள்ளிக்குறியுடன் தொடங்கும் 'லோக்கல்' என்னும் மறைவு அடைவு உள்ளது. அதனுள் 'ஷேர்', அதனுள் 'நாட்டிலஸ்', அதனுள் 'ஸ்கிரிப்ட்ஸ்' என ஆங்கில எழுத்துகளில் அடைவுகள் ஒன்றனுள் ஒன்றாக அமைகின்றன. இறுதி அடைவில் நிரற்கோப்பை இட்டு, அதற்கு இயக்க உரிமை அளித்தல் போதும். வலச்சொடுக்குப் பட்டியில் 'ஸ்கிரிப்டுகள்' என்னும் துணைப்பட்டி தோன்றும். அதனுள் நிரலின் கோப்புப்பெயரே உறுப்பின் பெயராக நிற்கும். அடைவு வெறுமையாயின் துணைப்பட்டியும் தோன்றாது.

நிரலின் முதல் வரி எந்த மொழிபெயர்ப்பியைக் கொண்டு அதனை இயக்க வேண்டும் என்பதைச் சுட்டுவது. பைத்தான், பெர்ல், ஷெல் ஆகிய எதிலும் நிரலை எழுதலாம். தெரிவு செய்யப்பட்ட கோப்புகளின் பெயர்கள் அனைத்தும் நிரலுக்கு ஒருங்கே வழங்கப்படுகின்றன. அன்றியும் அவற்றின் முழுப்பாதைகள் வரிக்கொன்றாக ஒரு சூழல் மாறியிலும் தரப்படுகின்றன. எனவே இங்குப் பன்மை தொகுதிப்பொருளில் அமைகிறது. தனித்தனியே இயக்க வேண்டுமாயின் நிரலே அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். தொலைக் கணிப்பொறியின் அடைவு திறந்திருக்கும் நிலையில் கோப்புப்பெயர்கள் நிரலுக்கு வழங்கப்படுவதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இம்முறையில் கோப்பு வகை பற்றிய வரையறை இல்லை. படம், ஒலி, உரை எதன்மீது சொடுக்கினாலும் அத்துணைப்பட்டி தோன்றும். தகாத கோப்பை விலக்கும் பொறுப்பு நிரலைச் சார்ந்தது.

3.2 கேடிஇ

கேடிஇ பணிச்சூழலின் கோப்பு மேலாளராகிய டால்ஃபின் வேறொரு முறையைக் கையாளுகிறது. இங்கு நிரலோடு ஓர் அறிமுகக் கோப்பும் தேவை. பட்டியில் தோன்றும் பெயர், ஏற்புடைய கோப்பு வகை, இயக்க வேண்டிய கட்டளை ஆகியவை அதில் தனித்தனிப் புலங்களாக எழுதப்படுகின்றன. அறிமுகக் கோப்பை இடும் அடைவு பதிப்பிற்குப் பதிப்பு மாறி வந்துள்ளது. அண்மைப் பதிப்புகளில் அது 'ஷேர்' அடைவிலுள்ள 'கேஐஓ' என்பதனுள் 'சர்வீஸ்மெனுஸ்' என்னும் அடைவாகும். அங்கு இடப்படும் அறிமுகக் கோப்பிற்கும் இயக்க உரிமை வேண்டும்.

கோப்பு வகையைச் சுட்டும் புலத்தில் 'வெற்று உரை' எனக் குறித்தால், உரைக்கோப்பின்மீது சொடுக்கும்போது மட்டுமே அவ்வுறுப்புத் தோன்றும். முற்கூறிய தெரிவு வரையறை இங்கு வெளிப்படையாக எழுதப்படுகிறது. பன்மையும் வெளிப்படையாக வேறுபடுத்தப்படுகிறது. கட்டளையில் விழுக்காட்டுக் குறியை அடுத்துச் சிறிய 'எஃப்' எழுத்து வந்தால் ஒவ்வொரு கோப்பிற்கும் நிரல் தனித்தனியே இயக்கப்படும். பெரிய 'எஃப்' எழுத்து வந்தால் எல்லாக் கோப்புகளும் ஒரே இயக்கத்திற்கு வழங்கப்படும். இயற்கைமொழி ஈரடியாக விடும் ஒன்றை இங்கு ஓர் எழுத்தின் அளவு தீர்த்துவைக்கிறது.

3.3 விண்டோஸ்

விண்டோஸ் முறைமையில் இரு வழிகள் உள்ளன. முதலாவது, 'செண்ட் டு' என்னும் அடைவில் நிரலின் குறுக்குவழியை இடுதல். வலச்சொடுக்குப் பட்டியில் அதே பெயரிலுள்ள துணைப்பட்டியில் நிரல் தோன்றும். தெரிவு செய்யப்பட்ட கோப்புகள் அனைத்தும் ஒரே கட்டளை வரியில் நிரலுக்குச் செல்கின்றன. பன்மை இங்குத் தொகுதிப்பொருளது. விண்டோஸின் கட்டளைச் செயலி 8191 எழுத்துகளுக்கு மேற்பட்ட வரியை ஏற்பதில்லை. ஆதலின் தொகுதிக் கட்டளைக் கோப்பாக நிரலை எழுதுவோர் நீண்ட பாதைகளையுடைய கோப்புகளை நூற்றுக்கணக்கில் ஒருங்கே அனுப்புதல் இயலாது.

இரண்டாவது, முறைமைப் பதிவேட்டில் எழுதுதல். பயனருக்குரிய கிளையில் 'சாஃப்ட்வேர்', 'கிளாஸஸ்' என்பவற்றின்கீழ் உடுக்குறியால் எல்லாக் கோப்புகளும் சுட்டப்படுகின்றன. அதன்கீழ் 'ஷெல்', அதன்கீழ் புதிய உறுப்பின் பெயர், அதன்கீழ் 'கமாண்ட்' எனச் சாவிகளை உருவாக்கி, இறுதிச் சாவியின் மதிப்பாக இயக்க வேண்டிய கட்டளையை எழுத வேண்டும். கட்டளையின் இறுதியில் வரும் விழுக்காட்டுக் குறியும் 1 என்னும் எண்ணும் கோப்பின் பெயருக்குப் பதிலியாக நிற்பவை. இதனை இரட்டை மேற்கோட்குறிக்குள் இடுதல் இன்றியமையாதது. இல்லையேல் பெயரில் இடைவெளியுள்ள கோப்பு, இரு கோப்புகளாகக் கொள்ளப்படும்.

இவ்வழியில் பன்மை தனித்தனிப் பொருளது. ஐந்து கோப்புகளைத் தெரிவு செய்தால் நிரல் ஐந்து முறை இயங்கும். பதினைந்திற்கு மேற்பட்ட கோப்புகளைத் தெரிவு செய்தால் இத்தகைய உறுப்புகள் பட்டியிலிருந்தே மறைந்துவிடும். இது பழுதன்று, எண்ணற்ற இயக்கங்கள் ஒருங்கே தொடங்குவதைத் தடுக்க வகுத்த வரம்பு. ஒருங்கிணைந்த சொற்பட்டியல் வேண்டுவோர் முதல் வழியையே நாட வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 சுருங்கிய பட்டியை முதலில் காட்டுகிறது. பதிவேட்டின்வழிச் சேர்த்த உறுப்புகள் 'மேலும் விருப்பங்கள்' என்னும் பொருள்படும் உறுப்பைச் சொடுக்கிய பின்னரே தோன்றும்.

ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணிப்பொறிகளில் 2005இல் அறிமுகமான ஆட்டோமேட்டர் என்னும் மென்பொருளால் இதே பயனை அடையலாம். 2018 முதல் இவ்வாறு சேர்க்கப்படுபவை 'விரைவுச் செயல்கள்' என்னும் பொருள்படும் தலைப்பின்கீழ் வருகின்றன.

4. எடுத்துக்காட்டு: தமிழ்க் கோப்புகளை இயல்பாக்கும் நிரல்

4.1 சிக்கலின் இயல்பு

ஒருங்குறியில் ஒகர, ஓகார, ஔகார உயிர்க்குறிகளை இருவிதமாக எழுதவியலும். ஒகரக் குறி ஒரே குறியெண்ணாகவும் வரலாம்; எகரக் குறியும் ஆகாரக் குறியும் அடுத்தடுத்து நிற்கும் இரு குறியெண்களாகவும் வரலாம். திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றே. 'மொழி' என்னும் சொல் முதல் முறையில் நான்கு குறியெண்களும், இரண்டாம் முறையில் ஐந்து குறியெண்களும் கொண்டது. யூடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் பெறுவதால், அதே சொல் ஓரிடத்தில் 12 பைட்டுகளாகவும் மற்றோரிடத்தில் 15 பைட்டுகளாகவும் அமைகிறது.

பழைய எழுத்துருக் குறியேற்றங்களிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் இச்சிக்கல் மிகுதி. டிஸ்கி, 1999இல் தமிழக அரசு ஏற்ற டேப் முதலிய எட்டுபிட்டுக் குறியேற்றங்களில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசைப்படி மெய்க்கு முன்னர் வைக்கப்படுகின்றன. ஒருங்குறியில் அவை ஒலிப்பு வரிசைப்படி மெய்க்குப் பின்னர் வருகின்றன. மாற்றும் நிரல் முன்னிருந்த குறியைப் பின்னுக்கு நகர்த்தியதோடு நின்றுவிட்டால், எகரக் குறியும் ஆகாரக் குறியும் இணையாமல் தனித்தனியே எஞ்சும். படிப்போருக்கு எவ்வேறுபாடும் தெரியாது. ஆயின் தேடும்போது பாதி இடங்கள் அகப்படா; அலைவெண் பட்டியலில் ஒரே சொல் இருமுறை இடம்பெறும்; அகரவரிசை பிறழும். அகராதிக்குச் சொல் தேர்வோர் ஒரு சொல்லின் வழக்கு மிகுதியைத் தவறாக மதிப்பிட இதுவே போதும்.

ஒருங்குறித் தரம் இத்தகைய இணை வடிவங்களை ஒன்றாக்கும் இயல்பாக்க முறைகளை வரையறுத்துள்ளது. அவற்றுள் என்எஃப்சி எனப்படுவது பிரிந்தவற்றை இணைத்து எழுதும்; என்எஃப்டி எனப்படுவது இணைந்தவற்றைப் பிரித்து எழுதும். இரண்டனுள் எதுவும் பிழையன்று. ஒரு தரவகம் முழுவதும் ஒன்றையே பின்பற்றுதல் வேண்டும் என்பதே விதி. நடைமுறையில் என்எஃப்சி பரவலாகக் கொள்ளப்படுகிறது.

4.2 நிரலின் படிநிலைகள்

இயல்பாக்கும் நிரல் பைத்தான் மொழியில் சில பத்து வரிகளுள் அடங்கும். இயல்பாக்கத்திற்குரிய செயற்கூறு அம்மொழியுடனேயே வருகிறது. நிரல் கீழ்க்காணும் வரிசையில் இயங்குதல் தகும்.

(அ) வழங்கப்பட்ட பெயர்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, அது கோப்புத்தானா, அடைவா எனச் சோதித்தல். அடைவாயின் விட்டுவிடுதல்.

(ஆ) கோப்பை யூடிஎஃப்-8 எனக் கொண்டு கண்டிப்பான முறையில் படிக்க முயலுதல். படிக்க இயலாவிடின் அக்கோப்பைத் தொடாமல், அதன் பெயரைக் குறிப்பேட்டில் எழுதுதல். யூடிஎஃப்-8இன் பைட்டு அமைப்பு கட்டுக்கோப்பானது. எட்டுபிட்டுத் தமிழ்க் குறியேற்றத்தில் எழுதிய நீண்ட உரை தற்செயலாக அவ்வமைப்பிற்குப் பொருந்துதல் மிக அரிது. எனவே இப்படிநிலை பழைய கோப்புகளைப் பிரித்தறியும் சோதனையாகவும் பயன்படுகிறது.

(இ) உரையை இயல்பாக்கி, முன்னைய உரையோடு ஒப்பிடுதல். வேறுபாடு இல்லையெனில் 'மாற்றமில்லை' எனக் குறித்தல்.

(ஈ) வேறுபாடு உண்டெனில், மாற்றிய உரையைப் புதிய பெயரில் அதே அடைவில் எழுதுதல். அப்பெயரில் முன்னரே கோப்பு இருப்பின் எழுதாது நிற்றல். மூலக்கோப்பின்மேல் எக்காரணம் கொண்டும் எழுதலாகாது.

(உ) கோப்பின் பெயர், மாற்றங்களின் எண்ணிக்கை, நிரலின் பதிப்பு, நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் சேர்த்தல்.

இறுதிப் படிநிலை சிறப்பாக வலியுறுத்தத்தக்கது. கட்டளைச் சாளரத்தில் இயங்கும் நிரல் தன் பிழைச்செய்திகளை அங்கேயே காட்டும். வலச்சொடுக்குப் பட்டியிலிருந்து இயங்கும் நிரலுக்கு அத்தகைய சாளரம் பெரும்பாலும் இல்லை. பிழை நேர்ந்தால் எதுவும் நிகழாததுபோல் தோன்றும். பயனரோ செயல் முடிந்ததாக எண்ணுவார். குறிப்பேடு இருந்தாலன்றி உண்மை வெளிப்படாது. க்னோம் சூழலில் செனிட்டி என்னும் துணைக்கருவியால் முடிவை ஒரு சிறு சாளரத்திலும் காட்டலாம்.

இயல்பாக்கத்தின் நற்பண்பு ஒன்றும் இங்குக் குறிக்கத்தக்கது. ஒருமுறை செய்தாலும் பலமுறை செய்தாலும் விளைவு ஒன்றே. ஒரே கோப்பு இருவர் கையில் இருமுறை இயல்பாக்கப்பட்டாலும் கேடில்லை. குறியேற்ற மாற்றம் இத்தகையதன்று. டிஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு ஏற்கெனவே மாற்றப்பட்ட கோப்பை மீண்டும் டிஸ்கி எனக் கொண்டு மாற்றினால் உரை சிதையும். லினக்ஸ் கணிப்பொறிகளில் வழங்கும் குனூ சி நூலகம் டிஸ்கி குறியேற்றத்தை அறியுமாதலால், அந்நூலகத்தைச் சார்ந்த ஐகான்வ் கருவியைக் கொண்டு மாற்றும் நிரலையும் பட்டியில் சேர்க்கலாம். ஆயினும் இவ்விரு நிரல்களையும் ஒன்றாக்காது தனித்தனி உறுப்புகளாக வைத்தலே நன்று.

4.3 இயல்பாக்கத்தால் தீராதவை

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவன அனைத்தையும் இயல்பாக்கம் ஒன்றாக்கும் எனக் கருதுதல் தவறு. தரம் இணையென அறிவித்தவற்றை மட்டுமே அது ஒன்றாக்கும்.

'ஸ்ரீ' என்பதன் முதலெழுத்து இருவகையில் எழுதப்படுகிறது. ஸகரத்தைக் கொண்டு எழுதுதல் முந்தைய வழக்கு. 2005இல் ஒருங்குறியின் 4.1ஆம் பதிப்பில் ஶகரம் தனியெழுத்தாகச் சேர்க்கப்பட்டபின் அதனைக் கொண்டு எழுதுதலும் வழக்கிற்கு வந்தது. எழுத்துருக்கள் பல இரண்டையும் ஒரே வடிவில் காட்டுகின்றன. தரத்தின்படி இவை இருவேறு எழுத்துத் தொடர்கள். இயல்பாக்கம் இவற்றைத் தொடாது.

'ஔவை' என்பதை ஔகாரம் கொண்டு எழுதாது, ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு 'ஒளவை' என எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. முதலாவது மூன்று குறியெண்கள் கொண்டது. இரண்டாவது நான்கு கொண்டது. 'கௌரவம்' என்பது 'கெளரவம்' எனவும், 'வௌவால்' என்பது 'வெளவால்' எனவும் எழுதப்படுவதும் இவ்வகையே. இவற்றைப் பொது விதியால் மாற்றினால் 'ஒளி', 'வெளி', 'தெளிவு', 'கெளுத்தி' முதலிய சொற்கள் சிதையும். எனவே, ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் ஐயத்திற்குரியனவாகப் பட்டியலிட்டு, மாற்றுவதா விடுவதா என்பதை ஆய்வாளரின் முடிவுக்கு விடுதல் முறை. நிரல் ஐயத்தைக் காட்டலாம். தீர்ப்பை மொழியறிவே வழங்க வேண்டும்.

5. சொற்களை எண்ணும் நிரல்

சொற்களை எண்ணும் நிரலைப் பட்டியில் சேர்ப்போர், 'சொல்' என்பதை அந்நிரல் எவ்வாறு வரையறுக்கிறது என முதலில் அறிதல் வேண்டும். பைத்தான் மொழியின் வடிவத்தேடற் கூறில் 'சொல்லெழுத்து' என்பதைச் சுட்டும் ஒரு குறி உண்டு. அக்குறி எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் ஏற்கும். ஒருங்குறியின் வகைப்பாட்டில் தமிழ் உயிர்களும் அகரமேறிய மெய்களும் எழுத்துகள். உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்துகள் அல்ல, சார்குறிகள். எனவே அக்குறியை நம்பிச் சொற்களைப் பிரித்தால், உயிர்க்குறியும் புள்ளியும் வரும் இடங்களிலெல்லாம் சொல் அறுபடும்.

'தமிழ்' என்பது 'தம', 'ழ' என இரண்டாகும். 'மொழி' என்பது 'ம', 'ழ' என்றாகும். இவை பிழையென எளிதில் அறியப்படும். பிழையென அறியப்படாதவையே பெருந்தீங்கு விளைப்பவை. 'பல்', 'பலி', 'பல' ஆகிய மூன்றும் 'பல' என்றே எண்ணப்படும். பட்டியலில் 'பல' என்னும் சொல் முறையான சொல்லாகவே நிற்கும். அதன் அலைவெண் மட்டும் பொய்யாக உயர்ந்திருக்கும். சார்குறிகளையும் சொல்லின் உறுப்பாகக் கொள்ளும் 'ரீஜெக்ஸ்' என்னும் தனிக்கூறைப் பயன்படுத்துவதாலோ, தமிழுக்குரிய குறியெண் எல்லை முழுவதையும் சொல்லெழுத்தாக வெளிப்படையாக அறிவிப்பதாலோ இதனைத் தவிர்க்கலாம்.

குறியேற்றத்தைக் கடந்த சிக்கல்களும் உள. 'தமிழைப் படித்தான்', 'தமிழை விரும்பினான்' என்னும் தொடர்களில் ஒரே சொல் 'தமிழைப்' எனவும் 'தமிழை' எனவும் வருகிறது. இடைவெளியைக் கொண்டு பிரிக்கும் நிரல் இவற்றை இரு சொற்களாக எண்ணும். தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை என்னும் மொழியிறுதி விதியைக் கொண்டு இறுதி வல்லொற்றை நீக்கிவிடலாம். ஆனால் 'கிளப்', 'டெஸ்க்' முதலிய கடன்சொற்கள் இவ்விதிக்கு அடங்கா. கடன்சொற்கள் மிகுந்த செய்தித்தாள் உரைக்கு ஒரு விலக்குப் பட்டியல் வேண்டும். எனவே பட்டியில் 'எண்ணு' என்னும் ஒரே உறுப்பை வைக்காது, 'ஒற்று நீக்கி எண்ணு', 'உள்ளவாறே எண்ணு' என இரண்டாக வைத்தல் தெளிவு தரும்.

6. கோப்புப்பெயர்களின் குறியேற்றம்

கோப்பின் உள்ளடக்கத்திற்கு நேரும் சிக்கல் அதன் பெயருக்கும் நேரும். மேக் கணிப்பொறிகளில் முன்னர் வழங்கிய ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்னும் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. அங்கு 'மொழி' எனப் பெயரிட்ட கோப்பு லினக்ஸ் கணிப்பொறிக்கு வரும்போது, இணைந்த வடிவில் எழுதிய 'மொழி' என்னும் கோப்பினின்றும் வேறானதாகக் கொள்ளப்படும். ஒரே அடைவில் ஒரே பெயருடைய இரு கோப்புகள் இருப்பதுபோல் தோன்றும். நிரல் பெயர்களை ஒப்பிடுமாயின் முதலில் இரண்டையும் இயல்பாக்கிய பின்னரே ஒப்பிட வேண்டும்.

விண்டோஸ் முறைமை தமிழுக்குத் தனி எட்டுபிட்டுக் குறிப்பக்கம் எதனையும் வகுக்கவில்லை. விண்டோஸ் 2000 முதல் தமிழ் அங்கு ஒருங்குறி வழியாகவே வழங்குகிறது. எனவே ஒருங்குறியை அறியாத பழைய நிரல் ஒன்றைப் பட்டியில் சேர்த்தால், தமிழ்ப் பெயருடைய கோப்புகளை அது திறக்கவியலாது. பெயர் வினாக்குறிகளாகவே அதற்குச் சென்றடையும்.

7. பட்டியில் இடும் பெயர்

ஆங்கிலப் பட்டிகளில் வரும் சொற்கள் ஏவல்வினையாகவும் பெயராகவும் ஒரே வடிவில் நிற்பவை. தமிழில் 'திற', 'திறக்கவும்', 'திறத்தல்' என வடிவங்கள் வேறுபடுதலின் மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். தெரிவிற்கு அடிப்படையாவது பேசுவோர் யார் என்னும் வினா. பட்டியின் உறுப்பு, பயனர் கணிப்பொறிக்கு இடும் கட்டளை. ஆதலின் 'திற', 'எண்ணு', 'இயல்பாக்கு' என ஒருமை ஏவல் பொருந்தும். உரையாடற் சாளரத்தில் வரும் தொடர், கணிப்பொறி பயனரிடம் கூறுவது. அங்கு 'கோப்பைத் தெரிவு செய்யவும்' என்னும் மதிப்பு வடிவமே தகும். இவ்வேறுபாடு பேணப்படாத பட்டிகளில் ஒருமை ஏவலும் 'உம்' ஈற்று வடிவமும் தொழிற்பெயரும் விரவிக் கிடக்கக் காணலாம்.

தொழில்நுட்ப நிலையில் தமிழ்ப் பெயரிடுதற்குத் தடையில்லை. நாட்டிலஸில் நிரற்கோப்பிற்குத் தமிழிற் பெயரிட்டால் அதுவே பட்டியில் தோன்றும். டால்ஃபினின் அறிமுகக் கோப்பில் பெயருக்குரிய புலத்தை அடுத்துச் சதுர அடைப்புக்குறிக்குள் மொழிக்குறியீட்டை எழுதி, ஒவ்வொரு மொழிக்கும் தனிப்பெயர் தரலாம். தமிழ்ச் சூழலில் தமிழ்ப் பெயரும் கன்னடச் சூழலில் கன்னடப் பெயரும் தோன்றும். பன்மொழி அறிஞர் ஒருங்கே பணியாற்றும் நிறுவனங்களுக்கு இது பெரிதும் ஏற்றது. விண்டோஸ் பதிவேட்டிலும் சாவியின் பெயரை ஆங்கிலத்தில் வைத்து, காட்டப்படும் பெயரைத் தமிழில் தனி மதிப்பாக எழுதலாம்.

பெயர் செயலின் விளைவையும் உணர்த்துதல் நன்று. 'இயல்பாக்கு' என்பதினும் 'இயல்பாக்கிப் புதுக்கோப்பில் எழுது' என்பது பயனரின் ஐயத்தை நீக்கும்.

8. கருத்திற்கொள்ள வேண்டியவை

வலச்சொடுக்கின் எளிமையே அதன் இடரும் ஆகும். இருநூறு கோப்புகளைத் தெரிவு செய்து ஒரு சொடுக்கால் மாற்றிவிடலாம்; மீட்பதற்கு அத்தகைய சொடுக்கு இல்லை. எனவே மூலக்கோப்புகளை எழுதவியலாத நிலையில் தனியே வைத்து, படிகளின்மீதே நிரலை இயக்குதல் வேண்டும். பிறரிடமிருந்து பெற்ற நிரலை, அதன் வரிகளைப் படித்தறிந்தோர் துணையின்றிப் பட்டியில் சேர்த்தல் கூடாது. பட்டியிலிருந்து இயங்கும் நிரலுக்குப் பயனருக்குரிய உரிமைகள் அனைத்தும் உண்டு. நிரலைத் திருத்தும்போதெல்லாம் பதிப்பெண்ணை மாற்றுதலும் இன்றியமையாதது. எக்கோப்பு எப்பதிப்பால் மாற்றப்பட்டது எனக் கூறவியலாத தரவகத்தின் அலைவெண்களைக் கொண்டு வாதிடுதல் அரிது.

9. முடிவுரை

வலச்சொடுக்குப் பட்டியில் நிரலைச் சேர்த்தல் தொழில்நுட்ப நோக்கில் சிறு செயல். அடைவில் ஒரு கோப்பை இடுதலோ, பதிவேட்டில் ஒரு வரியை எழுதுதலோ அதற்குப் போதும். அச்செயலுக்கு முன்னர் எடுக்க வேண்டிய முடிவுகளோ மொழியியல் சார்ந்தவை. பன்மைச் செயப்படுபொருளைத் தனித்தனியே கொள்வதா ஒருங்கே கொள்வதா, இரு குறியெண் தொடர்களை ஓரெழுத்தாகக் கொள்வதா, இறுதி வல்லொற்றைச் சொல்லின் உறுப்பாகக் கொள்வதா, கட்டளையை எவ்வடிவிற் பெயரிடுவது என்பன நிரலாளர் விடை கூறத்தக்க வினாக்கள் அல்ல. அவ்விடைகள் வகுக்கப்படாத நிலையில், நிரல்மொழியின் இயல்பான வரையறைகளே தமிழுக்கும் வரையறையாகிவிடும். 'பல்'லும் 'பலி'யும் 'பல'வாகிவிடுதல் அதற்குச் சான்று.

தொடங்குவோர் எதனையும் மாற்றாத நிரல் ஒன்றை முதலில் சேர்த்துப் பார்த்தல் நலம். தெரிவு செய்த கோப்பு யூடிஎஃப்-8தானா, பிரிந்த ஒகர ஓகாரக் குறிகள் அதில் எத்தனை, ஐயத்திற்குரிய ஔகாரங்கள் எத்தனை என மூன்று எண்களை மட்டும் அது காட்டினால் போதும். கைவசமுள்ள கோப்புகளின் உண்மை நிலை அதனால் விளங்கும். மாற்றும் நிரல்கள் அவற்றைக் கண்டபின் எழுதப்பட வேண்டியவை.